மொட்டை மாடியில் எடுத்த ரிங் நெபுலா பச்சையாக வருகிறது. ஹபிள் படம், வெப் படம், இதில் எது நிஜம்?

பீன்யா லேத் (ஸ்ரீராம்புரம், பெங்களூரு):

எல்லோருக்கும் வணக்கம். வானியலில் நான் கற்றுக்குட்டி. பீன்யாவில் இரண்டு சிஎன்சி, ஒரு பழைய லேத் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே எட்டுக்கு எட்டடி இடம் எனக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கேதான் போன வருஷம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய 130 மி.மீ. நியூட்டோனியன் (ஆடி வைத்த தொலைநோக்கி) நிற்கிறது. குவியத்தூரம் 650 மி.மீ., மோட்டார் வைத்த மவுன்ட். கேமரா, என் மச்சினன் பத்து வருஷம் கல்யாண வீடுகளில் அடித்துத் துவைத்துவிட்டு எனக்குத் தள்ளிவிட்ட டிஎஸ்எல்ஆர்.

ஏப்ரல் இரண்டாம் வாரம், அதிகாலை 4 மணி. வேகா நட்சத்திரம் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே. அதற்குப் பக்கத்தில் எம்57, அதாவது ரிங் நெபுலா என்ற வளைய வடிவ வாயு மேகம். 30 விநாடி வீதம் 80 படம் எடுத்தேன். எங்கள் தெருவில் காய்கறி லாரி போனால் மாடியே அதிரும். அப்படி அதிர்ந்த 19 படத்தைக் கழித்துவிட்டு மீதி 61 படத்தை ஒன்றாக அடுக்கினேன்.

வந்தது ஒரு பொட்டு. பெரிதாக்கினால் பச்சையும் நீலமும் கலந்த வளையம், குறுக்கே 60 பிக்சல் தேறும். நடுவில் ஓட்டை தெரிகிறது! அந்த நேரத்தில் கீழே போய் எல்லோரையும் எழுப்பினேன். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டே பார்த்தவள், “அப்பா, இது மெதுவடை. அதுவும் பூசணம் பிடிச்ச மெதுவடை” என்றாள்.

அது போகட்டும். அன்று மாலை அவளே போனில் ஹபிள், வெப் என்ற இரண்டு விண்வெளித் தொலைநோக்கிகளின் படங்களையும் எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஹபிளில் நடு நீலம், ஓரம் சிவப்பு. வெப்பில் வேறு ஏதோ சாயம் போட்ட பட்டுப்புடவை மாதிரி இருக்கிறது. என்னுடையது பச்சை. “மூணும் ஒரே பொருள்தானா? இதுல யாரு கலர் அடிச்சது?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. 2013-இல் வந்த ஹபிள் ஆய்வுக்கு அரிசோனாவில் இருக்கும் லார்ஜ் பைனாக்குலர் டெலஸ்கோப் எடுத்த படத்தையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று படித்தேன். காற்றே இல்லாத இடத்தில் ஒரு தொலைநோக்கி இருக்கும்போது, தரையில் இருப்பதிடம் போய் எதற்குக் கேட்க வேண்டும்? கையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டு ஸ்கேலால் அளந்தால் எங்கள் பட்டறையில் சிரிப்பார்கள்.

மூன்றாவது, என் சாமானை வைத்துக்கொண்டே அந்தச் சிவப்பு ஓரத்தைக் கொஞ்சமாவது காட்ட முடியுமா?


சந்தேகம் சண்முகம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விண்வெளிப் படங்கள் எல்லாமே கருப்பு வெள்ளையில் வருபவை. அப்புறம் உட்கார்ந்து கலர் கொடுக்கிறார்கள். உங்கள் பொண்ணு சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். உங்கள் பச்சை வடைதான் நிஜம், மற்றதெல்லாம் காலண்டர் படம்.


ஆலங்காயத்தான்:

சண்முகம் பாதி சரி. கருப்பு வெள்ளையில் வருகிறது என்பது சரி. அங்கிருந்து காலண்டருக்குத் தாவியதுதான் தப்பு.

நான் கவலூர் வானாய்வகத்தில் கருவிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஹொசகோட்டேயில் மகன் வீட்டில். விஞ்ஞானி இல்லை, ஸ்க்ரூ முடுக்கியவன். ஆனால் இரவு முழுக்க அவர்களோடு உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பழகியது கொஞ்சம் உண்டு.

பட்டறைத் தம்பிக்கு: உங்கள் பச்சையிலிருந்தே ஆரம்பிக்கலாம், அதற்குப் பெரிய கதை இருக்கிறது. 1864-இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் டிராகோ என்ற நட்சத்திர மண்டலத்தில் உள்ள ஒரு பிளானட்டரி நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். இன்று கேட்ஸ் ஐ என்கிறோமே, அதுதான். (பெயரில் பிளானட் இருந்தாலும் கோளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் கோள் மாதிரி உருண்டையாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். சூரியனைப் போன்ற நட்சத்திரம் கடைசிக் காலத்தில் மேல்தோலை உரித்து வீசுகிறது, அவ்வளவுதான்.) நட்சத்திரக் கூட்டமாக இருந்தால் வானவில் மாதிரி தொடர்ச்சியாக வரும் என்று எதிர்பார்த்திருப்பார். வந்தது சில ஒற்றைக் கோடுகள். அதில் பளிச்சென்ற பச்சைக் கோடு, அப்போது தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து ‘நெபுலியம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

1927-இல்தான் ஐரா போவன் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் மூச்சு விடும் ஆக்சிஜன்தான், ஆனால் இரண்டு எலக்ட்ரானைப் பறிகொடுத்த ஆக்சிஜன். அந்த அணு பச்சை ஒளியை விட அரை நிமிடத்துக்கு மேல்கூட யார் தொந்தரவும் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும். பூமியில் அது நடக்காது, அதற்குள் பக்கத்து அணு வந்து இடித்துவிடும். நெபுலாவில் நாம் இங்கே உண்டாக்கும் வெற்றிடத்தைவிடக் காலியான இடம், இடிக்க ஆள் இல்லை. நீங்கள் ஒரு படம் எடுக்கும் 30 விநாடி இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஒரு அணு காத்திருந்து விட்ட ஒளிதான் உங்கள் பச்சை. அலைநீளம் 500.7 நானோமீட்டர். கேமராவில் பச்சைப் பிக்சலும் நீலப் பிக்சலும் இரண்டுமே அதை வாங்கும். அதனால் மயில்கழுத்து நிறம்.

பூசணம் என்று சொன்ன பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி ஹபிள். அதன் கேமராவில் உங்களுடையதைப் போல நிறப் பிக்சல் கிடையாது. ஒரு வடிகட்டியைப் போட்டு ஒரு படம், அதைக் கழற்றி இன்னொன்று. இந்த மாதிரிப் படத்துக்குப் போடும் வடிகட்டி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வாயுவின் ஒளியை மட்டும் விடும். பாப்பா பார்த்த 2013 படத்தில் நடுவில் இருக்கும் அடர்நீலம் ஹீலியம். அதைச் சுற்றி இளநீலமாக இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். வெளியே சிவப்பு, நைட்ரஜனும் கந்தகமும். ஏன் இந்த வரிசை என்றால், நடுவில் இருக்கும் செத்த நட்சத்திரத்தின் மேற்பரப்பு லட்சம் டிகிரிக்கு மேல். கிட்டே இருக்கும் வாயுவின் எலக்ட்ரான்களை அது பலமாக உரிக்கிறது, தள்ளிப் போகப் போக வேகம் குறைகிறது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் யாருக்கு எவ்வளவு சூடு என்று காட்டும் படம் அது.

வெப் பார்ப்பது அகச்சிவப்பு. அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. ஆகவே அதில் குறைந்த அலைநீளத்துக்கு நீலம், கூடினதுக்குச் சிவப்பு என்று மாற்றி வைக்கிறார்கள். ஒரு கட்டையில் பாடியதை ஐந்து கட்டைக்கு ஏற்றினால் ராகம் மாறிவிடுமா? சுருதிதான் மாறும்.

தரைத் தொலைநோக்கி விஷயம் பெரிது. பேரன் கூப்பிடுகிறான், சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.


மாலா, பெல்லந்தூர்:

அண்ணா, மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இந்தச் சிவப்போடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டியவள் நான்.

உங்கள் கேமராவில் சிவப்பாக விழுவது ஹைட்ரஜன் (656.3 நானோமீட்டர்), அதை ஒட்டியே நைட்ரஜன் (658.4). சாதாரண டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கும். மனிதத் தோல் நிறம் சரியாக வரவேண்டும் என்று அந்தச் சிவப்பில் பெரும்பகுதியை அது வெட்டிவிடும். மச்சினன் கேமரா மணப்பெண்ணுக்காகச் செய்தது, நெபுலாவுக்காக இல்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்றலாம். ஆனால் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். நான் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன், சென்சாரில் கட்டைவிரல் ரேகையோடு திரும்பி வந்தது. இன்றைக்கும் என் எல்லாப் படத்திலும் வலது மூலையில் அந்தப் புண்ணியவானின் ரேகை இருக்கிறது.

செலவு செய்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுக்கிய படத்தை சிரிலில் திறந்து (இலவச மென்பொருள்தான்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கருப்பு வெள்ளைப் படமாகப் பிரியுங்கள். சிவப்பை மட்டும் இழுத்து வெளிச்சமாக்குங்கள். வெட்டியது போக மீதி அதில் ஒளிந்திருக்கும்.

பெரிதாக்கிப் பார்க்க பார்லோ லென்ஸ் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் வானத்தில் சுமார் 1.4 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்). நம்ம ஊர் காற்று, சுற்றிலும் சூடான கான்கிரீட், நட்சத்திரத்தை 3, 4 ஆர்க்செகண்டுக்குப் பரப்பிவிடும். பெரிதாக்கினால் பெரிய மங்கல்தான் கிடைக்கும். அந்தக் காசுக்கு லாரி போகாத தெருவில் ஒரு வீடு பாருங்கள். (ஸ்ரீராம்புரத்தில் கிடைக்காது என்று தெரியும்.)


ஆலங்காயத்தான்:

வந்துவிட்டேன்.

தம்பி மைக்ரோமீட்டர் உதாரணம் சொன்னார். நான் திருப்பிக் கேட்கிறேன்: மூன்று மீட்டர் ஷாஃப்டின் நீளத்தை 25 மி.மீ. மைக்ரோமீட்டரால் அளப்பீர்களா? ஹபிளின் முக்கியக் கேமரா ஒரே தடவையில் பார்ப்பது வானத்தில் 160 ஆர்க்செகண்ட் சதுரம். ரிங் நெபுலாவின் பளிச்சென்ற வளையம் அதற்குள் வசதியாக அடங்கும். ஆனால் வளையத்துக்கு வெளியே, முன்பே உரிந்துபோன மங்கலான ஒளிவட்டம் இருக்கிறது. அது படச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். அரிசோனா தொலைநோக்கிக்கு ஒவ்வொன்றும் 8.4 மீட்டர் விட்டத்தில் இரண்டு ஆடிகள். அது அகச்சிவப்பில் அந்த வெளிவட்டத்தைப் பிடித்தது. உள்ளே கூர்மைக்கு ஹபிள், வெளியே பரப்புக்குத் தரை.

இதில் எனக்குப் பிடித்த கதை ஹீலிக்ஸ் நெபுலா. 650 ஒளியாண்டு தொலைவுதான். கிட்டே இருப்பதால் வானத்தில் முழுநிலாவில் ஏறக்குறையப் பாதி அகலத்துக்கு விரிந்து கிடக்கும். ஹபிளுக்கு யானையைச் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற வேலை. 2002 நவம்பரில் லியோனிட் எரிகல் மழை வந்தது. ஹபிளின் ஆடியில் தூசி அடித்துவிடக் கூடாது என்று அதன் முதுகை எரிகல் பக்கம் திருப்பி வைக்க முடிவு செய்தார்கள். அரை நாள் மற்ற வேலை ஏதும் கிடையாது. முதுகைத் திருப்பினால் முகம் எங்கே பார்க்கும்? கிட்டத்தட்ட நேராக ஹீலிக்ஸை! அந்த அரை நாளில் துண்டு துண்டாக எடுத்துத் தைத்தார்கள். அப்போதும் ஓரம் போதவில்லை. அமெரிக்காவில் கிட் பீக் மலையில் உள்ள 0.9 மீட்டர் தொலைநோக்கிப் படத்தைச் சேர்த்துத்தான் 2003-இல் முழுப்படம் வெளிவந்தது. 0.9 மீட்டர்! கவலூரில் நாங்கள் துடைத்துக்கொண்டிருந்த வைணு பாப்பு தொலைநோக்கியே 2.34 மீட்டர்.

தரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரிங் நெபுலா உண்மையில் வடை இல்லை. வடையின் ஓட்டையில் ஒரு கத்தரிக்காயைச் செருகி, காம்புப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது. நாம் ஓட்டை என்று நினைக்கும் இடத்தில் மெலிந்த வாயு நம்மை நோக்கியும் எதிர்ப்பக்கமும் நீண்டிருக்கிறது. தட்டையான படத்தை வைத்துக்கொண்டு இந்த ஆழத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மெக்சிகோவில் சான் பெட்ரோ மார்ட்டிர் என்ற மலையில் உள்ள தொலைநோக்கியில் நிறமாலை, அதாவது ஒளியைக் கோடு கோடாகப் பிரித்த பதிவு, எடுத்தார்கள். நம் பக்கம் வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம். அதை வைத்து முன்னே எது, பின்னே எது என்று பிரிக்கலாம். அந்த வேலைக்கு விண்வெளிக்குப் போக அவசியமே இல்லை.


சந்தேகம் சண்முகம்:

சரி ஐயா. ‘காலண்டர்’ என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். வெப்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது, கூர்மை என்கிறார்களே, அப்புறம் ஹபிள் எதற்கு?


மாலா, பெல்லந்தூர்:

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் வேறு மாதிரி வருகிறது. கூர்மை என்பது அலைநீளத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்து 1.22-ஆல் பெருக்குவது, எண் சிறிதானால் கூர்மை அதிகம். ஹபிள் 2.4 மீட்டர், பச்சை ஒளியில் 0.05 ஆர்க்செகண்ட். வெப் 6.5 மீட்டர், ஆனால் 2 மைக்ரான் (2000 நானோமீட்டர்) அகச்சிவப்பில் சுமார் 0.08. ஆடி பெரிதுதான், அலையும் நான்கு மடங்கு பெரிது. ஆகவே வெப்பின் பலம் வெறும் கூர்மை இல்லை, வேறு எதையோ பார்ப்பது. அகச்சிவப்பில் குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு ஒளிரும். 2023-இல் வந்த ரிங் நெபுலா படத்தில் வளையத்துக்குள் அப்படிப்பட்ட அடர்த்தியான முடிச்சுகள் கிட்டத்தட்ட 20,000 என்று சொன்னார்கள். வளையத்துக்கு வெளியே பத்து மெல்லிய வளைவுகள் வேறு. சுமார் 280 வருஷத்துக்கு ஒன்று வீதம் உண்டாகியிருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் செத்த நட்சத்திரத்துக்குத் துணை நட்சத்திரம் ஒன்று சுற்றிவந்து மாவைக் கிளறியிருக்கிறது.


ஆலங்காயத்தான்:

மாலா சொன்னதோடு நம் ஊர் விஷயம் ஒன்றையும் சேர்க்கிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. காற்று அகச்சிவப்பைக் கொஞ்சமாவது விடும். புறஊதாவின் தூரப் பகுதியை அடியோடு தடுத்துவிடும், அதற்கு மேலே போயே ஆகவேண்டும். 2015 செப்டம்பர் 28-இல் போன இந்தியச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டில் யூவிஐடி என்று ஒரு புறஊதாத் தொலைநோக்கிக் கருவி உண்டு. இதோ, ஹொசகோட்டேயில் இந்திய வான் இயற்பியல் மையத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் அதைக் கோத்தார்கள். ஆடி 375 மி.மீ. தம்பியின் தொலைநோக்கியைப் போல மூன்று மடங்குகூட இல்லை! அதை வைத்து வானியலாளர் காமேஸ்வர ராவ் குழுவினர் விருச்சிகத்தில் இருக்கும் பட்டாம்பூச்சி நெபுலாவை (என்ஜிசி 6302) எடுத்தார்கள். ஹபிள் அழகாக எடுத்துக் கொடுத்த அதே பட்டாம்பூச்சிதான். தூரப் புறஊதாவில் பார்த்தால் நாம் இதுவரை பார்த்த இறக்கைக்கு வெளியே இன்னும் பெரிய இறக்கை இருந்தது. கட்டுரை 2018-இல் வந்தது.


பீன்யா லேத்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மாலா மேடம் சொன்னபடி மூன்று நிறத்தையும் பிரித்தேன். சிவப்பில் முதலில் வெறும் கொசகொச. இழுத்துக்கொண்டே போனேன். வந்தது!

வந்தது மட்டும் இல்லை, அளவு வேறாக இருந்தது. தொழில் புத்தி, உடனே அளந்தேன். நீளவாக்கில் பச்சை வளையத்தின் வெளிவிட்டம் 57 பிக்சல். சிவப்பு 63. மூன்று தடவை அளந்தேன். மகளைக் கூப்பிட்டு, எது எந்த நிறம் என்று சொல்லாமல் அவளையும் அளக்கச் சொன்னேன். 58, 63. பச்சைக்கு வெளியேதான் சிவப்பு நிற்கிறது. ஆலங்காயம் ஐயா சொன்ன அடுப்பு வரிசை, ஸ்ரீராம்புரம் மாடியிலிருந்து! இது என் லென்ஸ் கோளாறாக இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது, சொல்லுங்கள்.

இன்னொன்று. எங்கள் டிராயிங்கில் செக்‌ஷன் வ்யூ என்று உண்டு. பொருளை நடுவில் அறுத்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவது. அறுத்த பரப்பில் சாய்வாகக் கோடு கோடாகப் போடுவோம். இரும்புக்கு ஒரு மாதிரி, பித்தளைக்கு ஒரு மாதிரி. அந்தக் கோடு பொருளில் எங்கேயும் கிடையாது. அதைப் பார்த்து இதுவரை எந்தக் கஸ்டமரும் பொய் டிராயிங் என்று திருப்பி அனுப்பியதில்லை. மகளிடம் ஹபிள் கலருக்கு இதைத்தான் சொன்னேன். “அப்ப உன் படம் என்ன வ்யூ?” என்று கேட்கிறாள்.


ஆலங்காயத்தான்:

தம்பி, பயப்பட வேண்டாம். நியூட்டோனியனில் ஒளியைச் சேர்ப்பது ஆடி. லென்ஸ் சிவப்பை ஒரு இடத்திலும் பச்சையை இன்னொரு இடத்திலும் குவிக்கும், ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில்தான் குவிக்கும். பக்கத்தில் ஏதாவது நட்சத்திரத்தின் அகலத்தை இரண்டு நிறத்திலும் அளந்து பாருங்கள். ஒன்றாக இருந்தால் நெபுலாவில் வந்த வித்தியாசம் நெபுலாவுடையதுதான்.


பீன்யா லேத்:

நான்கு நட்சத்திரம் அளந்தேன். ஒன்றில்கூட அரை பிக்சலுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

அடுத்த அமாவாசைக்கு மாமனார் ஊருக்குப் போகிறோம், தளி தாண்டி. அங்கே தெருவிளக்கு இரண்டுதான், அதில் ஒன்று எரியாது. வயலில் மவுன்டை நட்டு இரண்டு மணி நேரமாவது எடுக்கலாம் என்று எண்ணம்.


மாலா, பெல்லந்தூர்:

வயலில் வேண்டாம் அண்ணா, அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. வீட்டு வாசலிலேயே வையுங்கள். பனி இறங்கும், ஆடிக்கு மூடி மறக்காதீர்கள்.


பீன்யா லேத்:

சரி, மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் சிமென்ட் களம் இருக்கிறது, அங்கேயே வைத்துவிடுகிறேன். மகளும் வருகிறாளாம். கத்தரிக்காய் தெரிந்தால்தான் முழித்திருப்பேன், வடைக்கெல்லாம் எழுப்பக் கூடாது என்று இப்போதே சொல்லிவிட்டாள்.